மீனுக்கு ஐஸ், டிரைவருக்கு அனல்

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதியவர்கள் துணியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மிளகைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கோட்டை, பீரங்கி, கல்லறை என்று ஒன்று விடவில்லை. வேர்வையைப் பற்றி மட்டும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்த மணல்மேட்டில் மே மாத மதியம் இரண்டு மணிக்கு நின்று பார்த்தவனுக்குத் தெரியும், இந்த ஊரின் நானூறு வருஷக் கதையே எதைக் குளிர வைப்பது, யாரைக் காயவிடுவது என்கிற ஒரே பஞ்சாயத்துதான். அந்தப் பஞ்சாயத்தில் மனுஷன் பக்கம் தீர்ப்பானதாக எனக்கு நினைவில்லை.

முதல் கட்சிக்காரர் டச்சுக்காரர். 1610 வாக்கில் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே கடை விரித்தார்கள். 1612-ல் போர்ச்சுக்கீசியர்கள் வந்து கடையைச் சூறையாடிவிட்டுப் போனார்கள். 1613-ல் வெம்மர் வான் பெர்கெம் என்பவர் கோட்டையைக் கட்டி முடித்து, தன் சொந்த மாகாணத்தின் பெயரையே வைத்து 'கெல்ட்ரியா' என்றார். சொந்த மாகாணத்தில் குளிர்காலத்தில் வாய்க்கால் உறைந்து போகும். இங்கே உறைந்து போனது அவர்கள் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும்தான். தடிமனான கம்பளிக் கோட்டு, கழுத்தில் கஞ்சி போட்ட வளையம், தலையில் தொப்பி, இத்தனையும் போட்டுக்கொண்டு துணிக்கணக்கு எழுதினார்கள். பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் இடுப்பில் ஒரு முழத் துணியோடு கெண்டை வாங்கலாமா கெளுத்தி வாங்கலாமா என்று நிம்மதியாக யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

அவ்வளவு வெயிலிலும் அவர்கள் எதைக் குளிர்ச்சியாக, காய்ந்த இடத்தில் பத்திரமாக வைத்தார்கள் தெரியுமா? வெடிமருந்தை. பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலையே நடத்தினார்கள். இங்கிருந்து பத்தேவியா வரைக்கும் போனது. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, தீக்குச்சி தானாகப் பற்றிக்கொள்ளும் போலிருக்கும் ஊரைப் பார்த்து வெடிமருந்து அரைக்க வந்தவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆட்களைப் பிடித்து அடிமைகளாகக் கப்பலும் ஏற்றினார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதால் அதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

மனுஷர்களைக் குளிர்ந்த இடத்தில் வைக்க அவர்கள் கண்டுபிடித்த ஒரே வழி கல்லறை. இன்றைக்கும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். நுழைவாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். மரணத்தை நினைவூட்டுவதற்காகச் செதுக்கியது என்பார்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள். எனக்கென்னவோ மதிய நேரத்தில் ஏரிக்கரையில் கணக்கு எழுதிய ஒரு குமாஸ்தாவை நேரில் நிற்க வைத்துச் செதுக்கியது என்றுதான் தோன்றுகிறது. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். காரணம் வணிகம் என்று எழுதி வைத்திருக்கிறது. போய்ச் சேர்ந்த இடமும் குளுகுளு ஊட்டி இல்லை என்பது அவர்கள் தலையெழுத்து.

அடுத்து வெள்ளைக்காரன். பேசில் காக்ரேன் என்ற மகராசன் 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினார். அது பிறகு பழவேற்காடு ஏரியைத் தொட்டு, ஆந்திரா வரை நீண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்களின் முதுகில் வளர்ந்து, 1878-ல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று கவர்னர் பெயரைப் பூசிக்கொண்டது. முதுகு யாருடையது, பெயர் யாருடையது என்பதையெல்லாம் கேட்கக் கூடாது. காக்ரேனைப் பற்றி நான் சொல்ல வந்தது வேறு. சென்னை வெயிலில் வருஷக்கணக்கில் வெந்து, கான்டிராக்ட் காசு சம்பாதித்து லண்டனுக்குத் திரும்பிய மனிதர் அங்கே என்ன தொழில் தொடங்கினார்? நீராவிக் குளியல். காசு கொடுத்தால் உங்களை ஆவியில் வேக வைப்பார்கள். அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். இட்லிக்கு இலவசமாகக் கிடைப்பதை லண்டன் சீமான்களுக்கு விலைக்கு விற்றவர் வெட்டிய கால்வாய் வழியாகத்தான் பழவேற்காட்டு மீன் சென்னைக்குப் போனது என்பதை மறந்துவிட வேண்டாம்.

படகில் போன மீன் ஐஸ் இல்லாமல் போனது. மடவையும் இறாலும் போய்ச் சேரும் நேரத்தில் வாசனை முன்னாலேயே போய் வாடிக்கையாளரை வரவேற்கும். மிச்சம் மீந்ததெல்லாம் உப்பில் விழுந்து கருவாடு ஆகும். கருவாடு என்பது குளிர்பதனம் இல்லாத தேசம் சூரியனோடு செய்துகொண்ட சமரச ஒப்பந்தம். ருசியான ஒப்பந்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐஸ் என்ற வஸ்து சென்னையில் இல்லாமல் இல்லை. பாஸ்டனில் ஃப்ரெடரிக் டியூடர் என்று ஒருத்தர் இருந்தார். குளத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி வெயில் தேசங்களுக்கு விற்பேன் என்று கிளம்பியவர். ஊரே சிரித்தது. கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். கடைசியில் 1833-ல் அவர் கப்பல் நாலு மாசம் மிதந்து கல்கத்தாவுக்கு வந்தபோது, ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் கரையாமல் இருந்தது. இவ்வளவு தூரத்துக்கு அது பெரிய சாதனை. நம்ம ஊரில் காசிமேட்டிலிருந்து தாம்பரம் போவதற்குள் பாதி கரைந்துவிடும். 1842-ல் சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டிக்கென்று ஒரு வீடே கட்டினார்கள். ஐஸ் ஹவுஸ். பனிக்கட்டிக்கு வங்காள விரிகுடாவைப் பார்த்த மாளிகை. அதைச் சுமந்து வந்த கூலிக்கு வெறுங்காலும் சுடுமணலும். மாளிகையில் இருந்த ஐஸ் யாருக்குப் போனது? துரைகளின் கிளாஸுக்கும், காய்ச்சலில் கிடந்த துரைசானிகளின் நெற்றிக்கும். மீனுக்குக்கூடப் போகவில்லை என்றால் மீனவனுக்கு எங்கே போகும்.

பிறகு நீராவி இயந்திரத்தில் உள்ளூரிலேயே ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டார்கள், அமெரிக்கப் பனிக்கு மவுசு போய்விட்டது, கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலிடம் கைமாறியது, 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கினார். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம்.

இங்கே கொஞ்சம் உலகத்தைச் சுற்றிவிட்டு வரலாம், ஏனென்றால் மனுஷனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது பழவேற்காடு மட்டுமில்லை. ஏ.சி. என்று இன்று நாம் கும்பிடும் இயந்திரத்தை 1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. ஈரக்காற்றில் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை. ஆகவே காகிதத்துக்கு ஏ.சி. போட்டார்கள். காகிதத்தோடு காகிதமாக நின்ற அச்சுத் தொழிலாளிக்கு ஓசிக் காற்று. 1940 வாக்கில் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்கிற கறுப்பின மெக்கானிக், பள்ளிப்படிப்பு பெரிதாக இல்லாதவர், ஓடுகிற லாரிக்கே குளிர்பதனப் பெட்டி பொருத்திக் காட்டினார். அதிலிருந்து தெர்மோ கிங் என்ற கம்பெனி பிறந்தது. அதுவும் பின்னால் ஏற்றும் சரக்குக்குத்தான். முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்தவருக்கு ஜன்னலோரக் காற்று.

அதே சமயத்தில் பேக்கார்ட் கம்பெனி காருக்கு ஏ.சி. விற்றது. பணக்காரர்களுக்கு. அந்த ஏ.சி.யில் ஒரு சின்ன வசதி விட்டுப்போயிருந்தது: அதை நிறுத்த சுவிட்ச் கிடையாது. கம்ப்ரசருக்குக் கிளட்ச் இல்லை. குளிர் தாங்கவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, கையால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். டிரங்கில் பாதி இடத்தை அதன் கூலிங் காயில் விழுங்கிவிடும். சொகுசு என்றால் இப்படி இருக்க வேண்டும், கோட்டுசூட்டோடு பெல்ட் கழற்ற வேண்டும்.

நம்ம பக்கம் என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ்ஸின் பின்னால் ஒரு இரும்பு அடுப்பைக் கட்டி, கரியைப் புகைய விட்டு, வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். டி.வி.எஸ்.காரர்களே 'கேஸ் பிளான்ட்' செய்து விற்றார்கள். காலையில் கிளம்ப வேண்டுமென்றால் ஒருத்தன் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டித் துருத்தி ஊத வேண்டும். வண்டியைக் குளிர வைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லாத காலம், வண்டியே அடுப்பு.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் பழைய அமெரிக்க லாரிகளும் ஊருக்குள் சுற்றின. பெட்ரோல் குடித்தே முதலாளியைச் சாய்த்துவிடும் ரகம். இங்கேதான் தமிழ்நாட்டின் மகத்தான இன்ஜின் மாற்றும் மரபு பிறக்கிறது. 1950-களில் செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைச் செய்யத் தொடங்கியது. ஆறு சிலிண்டர், சுமார் 4.7 லிட்டர். பெட்ரோல் இன்ஜினை இறக்கு, பெர்க்கின்ஸை ஏற்று. புதிய இன்ஜின் எடை கூட, நீளம் கூட, நடுக்கமோ கேட்கவே வேண்டாம். மவுண்டிங் வெட்டி வெல்டு வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, பானட்டில் ஓட்டை போட்டு ஓட்டினார்கள். அப்போதும் முதல் கவலை 'ஃபேன் ரேடியேட்டருக்கு நேரா வருதா?' என்பதுதான். டிரைவருக்கு நேராக என்ன வருகிறது என்று ஒரு முதலாளியும் கேட்டதில்லை. அவருக்கு நேராக வந்தது இன்ஜினின் மூச்சு.

இதற்கிடையில் ஏரிக்குத் தெற்கே, அதே கால்வாய்க் கரையில், எண்ணூரில் ஒரு தொழிற்சாலை எழும்பியது. நேரு சொன்னார் என்று ரகுநந்தன் சரண் என்பவர் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். அசோக் அவர் மகன் பெயர். முதலில் ஆஸ்டின் ஏ40 கார் பூட்டினார்கள். 1951-ல் லேலண்ட் காமெட் லாரிச் சேசிஸ் வந்தது, 1955-ல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வெளியே போனது முழு லாரி இல்லை. சேசிஸ், இன்ஜின், முன்னால் ஒரு தகரமுகம், அவ்வளவுதான். கதவு, கூரை, சீட்டு எல்லாம் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டுகிறவர் மரத்தில் செய்து கொடுப்பார். அந்த மொட்டைச் சேசிஸை ஓட்டிக்கொண்டு போகிற டிரைவர் கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் கண்ணாடி, தலைக்கு ஈரத்துண்டு கட்டிக்கொண்டு போவார். இந்த நாட்டில் லாரி டிரைவருக்குக் காற்றோட்டம் தாராளமாகக் கிடைத்த ஒரே பயணம் அதுதான். பாடி கட்டி முடித்ததும் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி. அதன்மேல் துண்டை விரித்தால் காய்ந்துவிடும், தூக்குப் போசியை வைத்தால் சோறு மறுபடி சூடாகும்.

மீனுக்கு எப்போது விடிந்தது? அமெரிக்காக்காரன் தட்டில் இறால் கேட்டபோது. 1950-களில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்கா போகத் தொடங்கியது. நார்வேக்காரர்கள் 1952-ல் ஒப்பந்தம் போட்டுக் கொல்லம் பக்கம் படகில் இன்ஜின், கரையில் ஐஸ் ஆலை என்று கற்றுக்கொடுத்தார்கள். டாலர் வாசனை கிழக்குக் கரைக்கும் வந்தது. சென்னையில் ஐ.நா.வின் உணவு அமைப்புக்காரர்கள் 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டம் என்று அலுவலகம் போட்டு, அலையில் கரையேறும் படகுக்கு டீசல் இன்ஜினை எப்படிப் பொருத்துவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கட்டுமரம் ஃபைபர் ஆனது, துடுப்பு இன்ஜின் ஆனது. இந்தச் சின்ன இன்ஜின்களுக்கும் ஃபேன் உண்டு, காற்றில் குளிரும். பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறவர்தான் வெயிலில் கறுத்தார்.

ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது வெயில் நாட்டுக் கணக்கு. அதுவரை துரையின் கிளாஸில் மட்டும் மிதந்த ஐஸ், ஐஸ் பாராக வந்து, மரச்சுத்தியல் அடி வாங்கி உடைந்து, வெள்ளை இறாலுக்கு மெத்தையானது. மீன் வண்டிக்குள் மீனுக்கு சுழியம் டிகிரி. அதே வண்டிக்கு முன்னால் ஓட்டுகிறவருக்கு நாற்பதுக்கு மேல். நடுவில் இருப்பது ஒரு தகரம். அந்தத் தகரத்துக்கு இரண்டு பக்கமும் நடப்பதுதான் நம் பொருளாதாரம் என்று யாராவது பெரியவர்கள் சொல்லியிருந்தால் நான் பெயர் போட்டு எழுதியிருப்பேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் இன்னும் வயிறெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுக்குத் திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். 2014 ஜனவரியில் நம் சொந்த கிரையோஜெனிக் இன்ஜின் ஜி.எஸ்.எல்.வி.யில் ஜெயித்தபோது நாடே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டும்போதே யோசித்தேன்: ஒரே ஏரி. கிழக்குக் கரையில் எரிபொருளுக்கு மைனஸ் 253; தெற்குக் கரையில் ஐஸ் கம்பெனி வாசலில் கரன்ட் போனால் ஒரு பாருக்கு அடிதடி. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று உத்தரவு வேறு. அன்றைக்கு வலையும் காயும், அடுப்பும் காயும்.

இனி இன்ஜின் மாற்றிய படலம். கோட்டைக்குப்பம் பக்கத்து நண்டு ஏவாரி ஒருத்தரிடம் ஒரு மினி லாரி இருந்தது. எந்தக் கம்பெனி என்று சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், வேண்டாம். வண்டியின் இன்ஜின் புகையாக விட்டே தன்னைக் கரைத்துக்கொண்டது. புதுப்பேட்டையில் வேறொரு வேனின் இன்ஜினைப் பிடித்து, டாரஸ் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பொன்னேரி ஒர்க்‌ஷாப்பில் இறக்கினார்கள். உட்கார வைத்ததும் பரம்பரைக் கேள்வி எழுந்தது: ஃபேன் ரேடியேட்டருக்கு நேரா வருதா? வரவில்லை. புதிய இன்ஜின் ஒரு சாண் பின்னால் தள்ளி, நாலு விரல் கீழே உட்கார்ந்தது. அதன் ஃபேன் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியைப் பார்த்துப் பணிவாக விசிறியது.

"எலக்ட்ரிக் ஃபேன் போட்டுக்கலாம்ணே," என்றார் மெக்கானிக். "இந்த இன்ஜின்ல ஏ.சி. கம்ப்ரசர் வேற கீது. வேணான்னா கழட்டிப் போட்ரவா?"

ஏவாரி யோசித்தார். கம்ப்ரசர் இலவசமாக வந்தது. இலவசமாக வந்ததைக் கழற்றிப்போட அவர் ரத்தம் ஒப்பவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஆசையைக் காட்டினால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்த ஆள்.

"இருக்கட்டும்," என்றார் ஏவாரி. "பாயைக் கூப்டு."

ஒயரிங் பாய் வந்தார். காயலான் கடையில் கழற்றிய கார் ஃபேன் இரண்டு, கண்டன்சர் ஒன்று, ரிலே நாலு, ஒரு சுருள் ஒயர். ஒயர் முழுக்கச் சிவப்பு. கடையில் அந்தக் கலர்தான் இருந்ததாம். பேட்டரி லைனும் சிவப்பு, சுவிட்ச் லைனும் சிவப்பு, எர்த்தும் சிவப்பு. "எனக்குத் தெரியும்லே," என்றார் பாய். ஒயரிங் செய்கிற யாருமே இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் வேலையை ஆரம்பித்ததில்லை.

ஆனால் ஆள் கெட்டி. ஏவாரி "எதுக்குய்யா இத்தினி ரிலே, நேரா சுவிட்ச்ல குடுத்தா ஓடாதா?" என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கத்தை எந்த பாலிடெக்னிக்கிலும் கேட்கமுடியாது. "மொதலாளி, டைனமோ குடுக்கறது நாப்பத்தஞ்சு ஆம்பியர். ஃபேன் ரெண்டும் இருபத்தி நாலு இழுக்கும். உள்ள புளோயர் பன்னெண்டு. கம்ப்ரசர் கிளட்ச் நாலு. ராத்திரி ஹெட்லைட்டு பத்து. கூட்டிப் பாரு. ஏரியில பாடு பிரிக்காம எல்லா குப்பமும் ஒரே நேரத்துல வலை கட்டினா இன்னா ஆவும்? அதான் இங்கயும். யாருக்கு எப்ப மொறைன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பொட்டி."

ஏவாரிக்குச் சட்டென்று புரிந்தது. எந்த இடத்தில் எந்தக் குப்பத்துக்காரர் எந்த நாள் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைக்கிற ஊர். பாட்டை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து. தண்ணீர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டினால் முதல் ஃபேன். ஏ.சி. போட்டால் இரண்டு ஃபேனும். கேஸ் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினாலும், அளவுக்கு மேலே ஏறினாலும், கம்ப்ரசருக்கு அன்றைக்கு வலை கட்ட உரிமை இல்லை. பாய் ரிலேயின் 30-ல் பேட்டரியைக் கொடுத்தார், நடுவில் பியூஸ், 87-லிருந்து ஃபேனுக்கு, 86-க்கு உத்தரவு, 85 எர்த்துக்கு. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினார், தண்ணீர் உள்ளே நிற்காமல் வடியட்டும் என்று. கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால், ஃபேன் பின்னால். காற்றை உள்ளே இழுக்க வேண்டும். கேஸ் அடித்தாயிற்று.

சோதனை ஏரிக்கரையில் நடந்தது. ஃபேன் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய தினத்தந்தித் தாளை முன்கிரில்லில் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது. சபாஷ். கேபினில் ஜில்லென்று காற்று. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீயரிங்மேல் கை வைத்த கோலத்தில் அவரைப் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடாததுதான் குறை.

பொன்னேரி ரோட்டில் ஏறி வேகம் எடுத்ததும் ஊசி மேலே போனது. மெதுவாகப் போனால் இறங்குகிறது, வேகம் போனால் ஏறுகிறது. உலகத்தில் எந்த வண்டியும் இப்படிச் செய்யாது. ஏ.சி.யைப் போட்டால் முதலில் வெதுவெதுப்பு, பிறகு சுடச்சுட, பிறகு கம்ப்ரசர் டக்கென்று விலகிக்கொண்டது. வண்டியை நிறுத்திப் பாய்க்குப் போன் போட்டார்கள். பாய் பைக்கில் வந்து, இறங்காமலே முன்கிரில்லுக்கு முன்னால் கையை நீட்டினார். கை சுட்டது. ஃபேன் வெளியே ஊதிக்கொண்டிருந்தது.

எல்லா ஒயரும் சிவப்பு அல்லவா, பிளஸ்ஸும் எர்த்தும் மாறிப் போயிருந்தது. மோட்டார் தலைகீழாகச் சுற்றி, ரேடியேட்டரின் சூட்டை முன்னால் இருந்த கண்டன்சருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வண்டி வேகம் எடுத்தால் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டியது. அப்படியென்றால் தினத்தந்தி எப்படி ஒட்டியது? கடல் காற்று. சோதனையின்போது வண்டி கடலைப் பார்த்து நின்றது. வங்காள விரிகுடா அடித்த காற்றில் தாள் என்ன, நாலாம் வகுப்புப் பையனே ஒட்டிக்கொண்டிருப்பான். டச்சுக்காரன் காலத்திலிருந்து கப்பல்களை ஏமாற்றிய காற்று அது, ஒயரிங் பாயை விடுமா.

இரண்டு ஒயரை மாற்றிப் பூட்டியதும் சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஃபேன் நின்றது. அது பாயின் குற்றமில்லை. மீன் வண்டியின் கீழே எப்போதும் உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் சொட்டும். சேசிஸில் எர்த் அடித்த இடத்தைப் பிரித்துப் பார்த்தால், செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. மீட்டர் வைத்தால் பன்னிரண்டு வோல்ட் வருகிறது என்று பொய் சொல்லும். டெஸ்ட் லைட்டை மாட்டினால் திரி தீர்ந்த விளக்காக முணுமுணுக்கும். பாய் லக்கை வெட்டி எறிந்து, புது லக் அடித்து, மேலே ரப்பர் உறையைத் தீயில் சுருக்கி, எர்த்தை நேராக பேட்டரி மைனஸுக்கே தனி ஒயராக இழுத்துவிட்டு, மேலே கிரீஸ் தடவினார். இந்த முறை கறுப்பு ஒயர். அனுபவம்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அரசிதழில் போட்டார்கள். 2025-லிருந்து தயாராகும் புது வண்டிகளுக்கு அது பொருந்தும். லாரிச் சரக்குக்கு ஜோன்ஸ் ஏ.சி. போட்டு எண்பத்தைந்து வருஷம் கழித்து ஓட்டுகிறவரின் நினைவு வந்திருக்கிறது. பரவாயில்லை, ஆனால் பழைய வண்டிக்காரர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குப் பாய்தான் அரசிதழ்.

டிரைவர் சுகம் கண்டது ஒரு வாரம் இருக்கும். ஒருநாள் விடியற்காலையில் ஏவாரி கேபின் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். குளுகுளு. அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியதை டிரைவர் பார்த்திருக்க வேண்டும், கண்ணைத் திறக்கவில்லை. பச்சை நண்டு உயிரோடு போனால்தான் விலை. ஐஸில் போட்டால் செத்துவிடும், பின்னால் வெயிலில் போட்டாலும் செத்துவிடும். ஈரச் சாக்கு போர்த்தி, இதமான குளிரில் வைத்தால் சென்னை என்ன, விமானம் ஏறி சிங்கப்பூர் போனாலும் கொடுக்கை ஆட்டிக்கொண்டு இறங்கும்.

"டேய், கூடைய எல்லாம் முன்னாடி ஏத்து."

கிளீனர் சீட்டில் இரண்டு கூடை, காலடியில் ஒன்று, இன்ஜின் மூடிமேல் சாக்கு மடித்துப் போட்டு ஒன்று. கிளீனர் பின்னால் ஐஸ் பெட்டிமேல் ஏறிக்கொண்டார். டிரைவர் நண்டுகளுக்கு நடுவில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஏ.சி. காற்று கூடைமேல் நேராக அடித்தது. ஏவாரி பதறிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"யோவ், இன்னா பண்ற? நேரா காத்துப் பட்டா நண்டு காஞ்சி செத்துடும்யா! அந்த ஓட்டைய உன் பக்கம் திருப்பு!"

"சரி மொதலாளி," என்று டிரைவர் திருப்பிக்கொண்டார்.